ரத்னாவின் கேக் வண்டி

சேரப்பணஞ்சேரியில் எங்கள் எதிர்வீட்டில் இருக்கிறாள் ரத்னா. கேக் போடுபவள். அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, நான் கண்ணால் பார்த்ததை ஒரு பக்கமும், அவளும் அவள் கணவன் கோதண்டமும் சொல்லிக் கேட்டதை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டேன். கேட்டதில், இருவர் சொன்னதும் ஒத்துப்போகிற இடங்களை மட்டும் சேர்த்தேன். அதனால் இது நான் நினைத்ததில் பாதி அளவுதான் வந்திருக்கிறது.

கேக்குக்கு முன்னால் ரத்னா கைபேசி செய்யும் கம்பெனி ஒன்றில் இருந்தாள். அந்தக் கம்பெனி இப்போது இல்லை. லைனில் கடைசிக்கு முந்தின இடம் அவளுடையது. அவளுக்கு முன்னால் இருந்தவர்கள் திருகினார்கள், ஒட்டினார்கள், அழுத்தினார்கள். ரத்னா எதையும் செய்ய வேண்டியதில்லை, பார்க்க வேண்டும். வெள்ளை விளக்கின் கீழே கைபேசியைச் சாய்த்துப் பிடித்து, கண்ணாடியில் தூசி இருக்கிறதா, கீறல் இருக்கிறதா என்று பார்ப்பாள். இருந்தால் சிவப்புத் தட்டு, இல்லாவிட்டால் பச்சைத் தட்டு. கீறல் ஏன் விழுந்தது, யார் கையில் விழுந்தது என்பதெல்லாம் அவள் வேலை இல்லை.

"நான் மூஞ்ச பாக்கறவ. உள்ள இன்னா கீதுன்னு பாக்கறது வேற ஆளு" என்று இப்போதும் சொல்வாள்.

கம்பெனியை மூடிய அன்று, லைனில் இருந்த பெண்கள் சேர்ந்து ஒரு கேக் வாங்கி வெட்டினார்கள். அழுதுகொண்டே வெட்டினார்கள் என்று கேள்வி. ரத்னாவும் அழுதாள், ஆனால் வாயில் போட்ட துண்டு அவள் அழுகையை நிறுத்திவிட்டது. "இன்னாடி இது, பழைய பஞ்சு மாதிரி கீது. இத்த வுட நானே நல்லா போடுவேன்" என்றாள். பக்கத்தில் இருந்தவள், "அப்போ போடு. நாளையிலேர்ந்து உனக்கு வேற இன்னா வேல" என்றாள். அப்படித்தான் அவள் இந்தத் தொழிலுக்கு வந்தாள். இதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இந்தப் பக்கம் கேக்குக்குக் குறைவில்லாத தேவை உண்டு. வல்லம், மாத்தூர், ஒரகடம் என்று எந்தக் கம்பெனியை எடுத்தாலும் உள்ளே இருப்பது தெற்கிலிருந்து வந்த பிள்ளைகள். அம்மா அப்பா அங்கே, இவர்கள் இங்கே ஒரு அறையில் ஆறேழு பேர். யாருக்காவது பிறந்தநாள் வந்தால் மற்றவர்கள்தான் வீடு. கேக் வாங்குவார்கள், வெட்டியதும் பாதியைப் பிறந்தநாள்காரன் முகத்தில் பூசிவிடுவார்கள். இதைப் பார்த்து ரத்னா வயிறெரிந்தாள். தான் முட்டை அடித்து, மாவு சலித்துச் செய்தது ஒருவன் காதுக்குள் போவதை அவளால் தாங்க முடியவில்லை. அதனால் ஒரு ஏற்பாடு செய்தாள். கேக் வாங்கினால் கூடவே ஒரு காகிதக் கோப்பையில் வெறும் கிரீம் கொடுப்பாள். "மூஞ்சிக்கு இது, வாய்க்கு அது. மாத்திப் பண்ணா அடுத்த வருசம் உனக்கு கேக்கு கெடையாது" என்பாள். பையன்கள் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டார்கள். கேக்கைவிட அந்தக் கோப்பைக்காகவே வந்தவர்களும் உண்டு.

அப்படி விடுதியில் ஒரு துண்டு தின்றவள்தான் சுகப்பிரியா. கோவில்பட்டிப் பெண். ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் ஊழியர் நலன் பார்க்கிறாள். அந்தக் கம்பெனியில் மாதம் ஒரு நாள், அந்த மாதத்தில் பிறந்தவர்கள் எல்லோரையும் கேன்டீனில் நிறுத்தி ஒரே கேக்கை வெட்டவைப்பார்கள். எல்லோர் பெயரும் கேக்கின் மேல் இருக்கும். முதல் ஷிப்டு முடிந்து இரண்டாம் ஷிப்டு தொடங்குகிற இடைவெளியில், அதாவது நடுப்பகல் தாண்டியவுடன் வெட்டுவார்கள்; அப்போதுதான் இரண்டு ஷிப்டு ஆட்களும் இருப்பார்கள். வெளிச் சாப்பாடு எதுவும் அதற்கு முன்னால் உள்ளே வரக்கூடாது என்பது அங்கே விதி. சுகப்பிரியா அந்தக் கேக்கை ரத்னாவிடம் கேட்டாள்.

ரத்னாவுக்கு இதில் ஒரு ஆசை இருந்தது. கம்பெனி வாசலில் அவள் வருடக்கணக்காக வரிசையில் நின்று, அட்டையைத் தேய்த்து உள்ளே போனவள். பக்கத்தில் சப்ளையர் என்று இன்னொரு வழி இருக்கும். அதில் வருகிறவர்கள் வண்டியில் வருவார்கள், வாட்ச்மேன் பெயரைக் கேட்டு எழுந்து நிற்பார் என்று அவள் எண்ணம். (எழுந்து நிற்பதில்லை. நான் விசாரித்தேன்.) மாதாமாத ஆர்டர் உறுதியானால் அவள் பெயரில் படம் போட்ட நிரந்தரப் பாஸ் கிடைக்கும். அதுவரை ஒவ்வொரு முறையும் துண்டுச் சீட்டுத்தான்.

குளிர்காலத்தில் எல்லாம் நன்றாகவே போனது. கேக் போகிற வண்டி கோதண்டத்துடையது. இரண்டு வரிசைக் கதவும் பின்னால் திறந்த தொட்டியும் உள்ள பழைய பிக்கப். கம்பெனிச் சுற்றுச்சுவர் கட்டிய ஒரு கான்ட்ராக்டரிடமிருந்து அவன் வாங்கியது. விடுதி மாறுகிறவர்களின் கட்டில், பீரோ, தண்ணீர் கேன் எல்லாம் தொட்டியில் போகும். ரத்னாவின் கேக்குக்கு மட்டும் உள்ளே இடம். பின் இருக்கையைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு பலகை அடித்திருந்தான். ஏசி உள்ள வண்டி என்பதில் அவனுக்குப் பெருமை உண்டு. அதைப் போட்டதும் உள்ளே சம்பங்கிப் பூ வாசனை வீசும்.

"சென்ட்டு இன்னாச்சும் வச்சிகிறியா?" என்று ரத்னா ஒரு முறை கேட்டாள்.

"நான் இன்னாத்துக்கு வெக்கப் போறேன். வல்லக்கோட்டையான் வண்டில குந்திகினு கீறாரு" என்றான் கோதண்டம்.

செவ்வாய்க்கிழமை தவறாமல் அவன் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போவான். அங்கிருந்து ஒரு மாலை வாங்கி வந்து, முன்கண்ணாடியின் கீழே இரண்டு வைப்பருக்கும் நடுவில் படுத்தவாக்கில் கட்டுவான். அடுத்த செவ்வாய்க்குள் மாலையில் நார்தான் மிஞ்சும். பூவெல்லாம் காற்றில் போய்விடும் என்பது அவன் நம்பிக்கை. பெரிய லாரிகள் ஓடுகிற சாலை. காற்றுக்கும் புழுதிக்கும் பஞ்சமில்லை. யாரும் அதற்குமேல் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

ஏப்ரலில் வெயில் ஏறியது, கேக் சரிந்தது.

ஒரகடம் கூட்ரோட்டில் கன்டெய்னர் வண்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். ஏசி முழு வேகத்தில் இரைந்தது. ஆனால் ரத்னாவின் நெற்றியில் வேர்வை. பின்னால் திரும்பிப் பார்த்தபோது கேக்கின் கிரீம் ரோஜாக்கள் மெதுவாக ஊர்வலம் கிளம்பியிருந்தன. கேன்டீனில் திறந்தபோது, அந்த மாதம் பிறந்த எல்லோருடைய பெயரும் ஒரே மூலையில் கூட்டமாக நின்றிருந்தது. பிள்ளைகள் அதைக் கரண்டியால் வழித்துத் தின்று ருசி பிரமாதம் என்றார்கள். சுகப்பிரியா ரத்னாவைத் தனியாக அழைத்துப் போனாள்.

"அக்கா, ருசிக்கு நான் ஒண்ணும் சொல்லல. ஆனா போட்டோ எடுத்து மேல அனுப்பணும்லா? மேனேஜர் கேக்காரு, இத வெட்டவா, ஊத்தவான்னு."

"வெயிலும்மா."

"வெயிலு மே மாசத்துல கொறையுமாக்கா? தாம்பரத்துல ஒரு கடக்காரங்க குளிர்பெட்டி வண்டியோட வந்து கேட்டுட்டுப் போயிருக்காங்க. மே மாசக் கேக்கும் இப்பிடி வந்துச்சுன்னா அவங்களுக்குப் போயிரும். நான் சொன்னாலும் நிக்காது."

ரத்னா வீட்டுக்கு வந்ததும் கோதண்டத்திடம் ஒரே வரி சொன்னாள். "ஒன்னு வண்டிய சரி பண்ணு. இல்லாங்காட்டி அந்த தாம்பரத்துக்காரன் வண்டில டிரைவரா போயிடு."

அவன் மறுநாளே கூட்ரோட்டில் ஏசி வேலை செய்யும் டில்லிபாபுவிடம் வண்டியை விட்டான். டில்லிபாபு கேஸ் குறைவு என்று கேஸ் பிடித்தான். சரியாகவில்லை. முன்னால் இருக்கும் வலையைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினான். ஒன்றும் மாறவில்லை. மறுபடி போய்ச் சொன்னபோது, அவனே வீட்டுக்கு வந்து, பானெட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, தடித்த ஒரு குழாயைத் தொடச் சொன்னான்.

"தொட்டு பாருக்கா. ஐஸா கீதா இல்லியா?"

ரத்னா தொட்டாள். குழாய் வேர்த்துச் சில்லென்று இருந்தது. "கீது" என்றாள்.

"அவ்ளோதான். ஏசி சூப்பரா கீது. வெயிலுதான் ஜாஸ்தி."

"குழா மேலயா டில்லி நான் கேக்க வெக்கறேன்?"

டில்லிபாபு பானெட்டை மூடினான். உள்ளே மூன்று பேர் உட்கார்ந்தால் மூச்சுக்காற்றே சூடாக்கும், ஒருவராகப் போங்கள் என்று ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போனான். வண்டியில் போவதே இரண்டு பேர்தான்.

கோதண்டம் இன்னொரு வழியும் வைத்திருந்தான். அந்தச் செவ்வாய்க்கிழமை வல்லக்கோட்டையில் வேண்டிக்கொண்டான்: மே மாதக் கேக் முழுசாகப் போய்ச் சேரும்வரை வாரா வாரம் பெரிய மாலை. அதுவரை ஒரு முழம் ஒன்றரை முழம் என்று கட்டியவன், கண்ணாடியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நீளும் கட்டியான மாலையைக் கட்டத் தொடங்கினான். சம்பங்கி, அரளி, நடுநடுவே சாமந்தி. பார்க்கக் கல்யாண வண்டி மாதிரி இருந்தது. ஏசியோ வாரத்துக்கு வாரம் மோசமானது. அது மோசமாக ஆக, மாலை தடித்தது. மாலை தடிக்க, அது இன்னும் மோசமானது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. தினமும் வாசலில் உட்கார்ந்து அந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கும்தான்.

மே மாதக் கேக்குக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ரத்னா வீட்டு மாடியில் குடியிருக்கும் மூன்று பேர் கீழே இறங்கி வந்தார்கள். இசக்கிபாண்டி, கொம்பையா, மகாராஜா. மூவரும் நெல்லைப் பக்கம். மூவருக்கும் ஒரே கார்க் கம்பெனியில் வேலை, ஒரே லைன், அன்று வார விடுமுறை.

"அக்கா, நாங்க தெனமும் காருக்கு ஏசி மாட்டுதோம். எங்கள விட்டுட்டு ஊரெல்லாம் சுத்துதியளே" என்றான் கொம்பையா.

"நீங்க ஏசியா மாட்றீங்க?" ரத்னாவுக்கு நம்பிக்கை இல்லை. இத்தனை நாள் அவர்கள் கார் செய்கிறார்கள் என்பதோடு அவள் நிறுத்திக்கொண்டிருந்தாள்.

"நான் கம்ப்ரஸர் போல்ட்டு" என்றான் இசக்கிபாண்டி.

"நான் முன்னாடி வலையும் ஃபேனும்" என்றான் மகாராஜா.

"நான் கேஸ்" என்றான் கொம்பையா. "குழாயச் சொருகுவேன், பச்ச லைட்டு வரும், எடுத்துருவேன்."

"பச்ச லைட்டு வரலன்னா?"

"சூப்பர்வைசரக் கூப்பிடுவேன்."

பானெட் திறந்தது. அடுத்து நடந்தது முழுவதையும் நான் நேரில் பார்த்தேன். ஒரு லைன் எப்படி வேலை செய்கிறது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். மூவரும் ஒரே நேரத்தில் குனியவில்லை. முதலில் இசக்கிபாண்டி வந்தான். கம்ப்ரஸரை ஆட்டிப் பார்த்தான், பெல்ட்டை அழுத்தினான், போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கினான். முறுக்கிய போல்ட்டில் பெயின்ட் புள்ளி வைக்காமல் அவனால் நகர முடியவில்லை. அது அவர்கள் லைன் பழக்கம். "அக்கா, பெயின்ட்டு இருக்கா?" என்றான். ரத்னா கேக்குக்குப் போடும் பச்சை நிறக் குப்பியைக் கொடுத்தாள். ஒவ்வொரு போல்ட்டிலும் ஒரு பச்சைப் பொட்டு வைத்தான்.

"என் ஸ்டேசன் ஓகே" என்று சொல்லி விலகினான்.

அடுத்து மகாராஜா. வலையில் தூசி இல்லை, ஃபேன் சுற்றுகிறது. "என் ஸ்டேசன் ஓகே."

கொம்பையா குழாயைத் தொட்டான், சில்லென்று இருந்தது. பச்சை லைட் இல்லாததால் கொஞ்சம் தடுமாறினான். பிறகு அவனும் ஓகே சொன்னான்.

மூவரும் விலகி நின்று வண்டியைப் பார்த்தார்கள். எல்லா ஸ்டேஷனும் ஓகே. வண்டி மட்டும் ஓகே இல்லை.

"அப்பால?" என்றாள் ரத்னா.

"அம்புட்டுத்தான்க்கா. டேஷ்போர்டு வேற கம்பெனில இருந்து முழுசா வரும். கிரேன்ல தூக்கி உள்ள வச்சிருவாவ. அதுக்குள்ள என்ன இருக்குன்னு நாங்க யாரும் பாத்தது இல்ல" என்றான் இசக்கிபாண்டி.

"அத்தினி பேரும் இன்ஜினீரு மாதிரி பேசிகினு வந்தீங்களேப்பா" என்றான் கோதண்டம்.

"அண்ணாச்சி, எங்க ஏரியாவுல ஒரு குத்தஞ் சொல்லுங்க பாப்போம்."

ரத்னா உள்ளே போனாள். கோபத்தில் போகிறாள் என்று நினைத்தோம். கையில் ஒரு பிறந்தநாள் மெழுகுவத்தியோடு திரும்பி வந்தாள். கோபம்தான், ஆனால் அவள் கோபம் எப்போதும் கேலியாகத்தான் வெளியே வரும். வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தாள். கோதண்டத்தை எஞ்சினை ஓடவிட்டு ஏசியை முழு வேகத்தில் வைக்கச் சொன்னாள். மெழுகுவத்தியைக் கொளுத்திக் காற்று வரும் வாய்க்கு நேரே பிடித்தாள்.

"வயசான வண்டிதான நீ. எத்தினியோ பேரு பொறந்த நாளுக்கு போயிகீற. இன்னிக்கு உனக்கு. ஊது" என்றாள்.

சுடர் லேசாகச் சாய்ந்தது. நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது. அணையவில்லை.

மாடிப் பையன்கள் சிரித்தார்கள். ரத்னாவும் சிரித்தாள். பிறகு அவள் சிரிப்பு நின்றது. மெழுகுவத்தியை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். கைபேசிக் கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்து அந்தச் சுடரையே பார்த்தாள். இன்னொரு கையைக் காற்று வாயில் வைத்தாள்.

"கொம்பையா, இங்க வா. கைய வை. வர்ற காத்து சூடா, குளிரா?"

அவன் வைத்தான். "குளிரத்தான் செய்யுது."

"எவ்ளோ வருது?"

அவன் யோசித்தான். "ஒண்ணும் வரலையேக்கா. எறும்பு மூச்சு விட்ட மாதிரி இருக்கு."

"ஒரு சின்ன கொயந்த ஊதுனா அணையற மெழுகுவத்தி இது. சத்தம் மட்டும் லாரி மாதிரி வருது, காத்தக் காணோம். ஏசி நல்லாத்தாம்பா கீது. குளுரு எங்கியோ மாட்டிகினு கீது."

இத்தனை வாரமாக எல்லோரும் குளிர் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். காற்று இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. குளிர் இல்லை என்று கேட்டால் யாராக இருந்தாலும் பானெட்டைத்தான் திறப்பார்கள்.

யாரும் பார்த்திராத அந்த டேஷ்போர்டை இப்போது எல்லோரும் பார்த்தார்கள். இடது பக்கம், காகிதங்கள் வைக்கிற பெட்டியை இசக்கிபாண்டி கழற்றினான். அதன் பின்னால் காற்றுத் தள்ளும் விசிறி. அதையும் கழற்றினான். உள்ளே கையை விட்டவன் அப்படியே நின்றான்.

"அண்ணாச்சி, உள்ள மெத்த போட்டு வச்சிருக்கியளா?"

வெளியே எடுத்தான். மெத்தை என்றது சரியான சொல்தான். உள்ளங்கை கனத்துக்குப் புழுதியும் காய்ந்த பூவும் சேர்ந்து அழுந்திய ஒரு பாளம். மேலே சம்பங்கி, கொஞ்சம் ஈரம் மிச்சம் இருந்தது. அதன் கீழே அரளி. அதற்கும் கீழே, எந்த வருடத்துச் சாமந்தியோ. கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே போகிற சல்லடை ஒன்று இருக்கிறது; சரியாக மாலை படுத்திருந்த இடம். உதிர்ந்த ஒவ்வொரு இதழையும் வண்டி மூச்சிழுத்து உள்ளே வாங்கியிருந்தது. காற்றைக் குளிரவைக்கும் சுருளின் முகத்தை அது முழுக்க அடைத்துவிட்டது.

கோதண்டம் குனிந்து அதை உற்றுப் பார்த்தான். ரத்னா பேசினாள்.

"வல்லக்கோட்டையான் வண்டில குந்திகினு கீறாருன்னியே. எங்கன்னு இப்பத்தான் தெரியுது."

"அது சாமி மாலம்மா. கீழ போடாதீங்கப்பா, கால்ல படும்" என்றான் அவன். வேறு எதுவும் கையில் அகப்படாமல், ரத்னா கேக் வைக்கிற தங்கநிற அட்டையை எடுத்து வந்து, அந்தப் பாளத்தை அதன்மேல் பயபக்தியோடு வாங்கிக்கொண்டான். அட்டை போனதில் ரத்னாவுக்கு வருத்தம். அதற்கடுத்து சுருளைத் துடைக்க மென்மையான தூரிகை வேண்டும் என்றார்கள். மாவின் மேல் வெண்ணெய் தடவும் தூரிகையைக் கொடுக்கச் சொன்னபோது அவள் நிஜமாகவே சண்டை போட்டாள். கடைசியில் கொடுத்தாள்.

எல்லாம் கழுவி, காயவைத்து, திரும்ப மாட்டி முடித்தபோது ஒரு திருகாணி மிச்சம் இருந்தது. கோதண்டம் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளப் போனான். மூவரும் சேர்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். திருகாணி மிச்சம் வந்தால் லைனில் எல்லோரையும் நிற்கவைத்துக் கேட்பார்களாம். முழுவதையும் மறுபடி கழற்றி, அதன் இடத்தைக் கண்டுபிடித்து, பச்சைப் பொட்டு வைத்த பிறகுதான் தேநீர் குடித்தார்கள்.

ரத்னா இரண்டாம் முறை மெழுகுவத்தியைக் கொளுத்தி உள்ளே கொண்டுபோனாள். காற்று வாய்க்குப் பக்கத்தில் போகுமுன்பே அணைந்துவிட்டது. மகாராஜா கை தட்டினான். ரத்னா வண்டியின் ஸ்டியரிங்கில் கொஞ்சம் கிரீம் பூசினாள், மூஞ்சிக்கு என்று வைத்திருக்கும் கோப்பையிலிருந்து.

ஆனால் கேக் போக வேண்டிய நாளுக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை இருந்தது. வேண்டுதல் வேண்டுதல்தான். கோதண்டம் பெரிய மாலையோடு வந்து நின்றான். எங்கே கட்டுவது?

"கண்ணாடி கிட்ட போன, நான் உன்னோட பேசமாட்டேன்" என்றாள் ரத்னா.

"முன்னாடி கிரில்லுல கட்டட்டா?"

மாடியிலிருந்து மகாராஜா எட்டிப் பார்த்தான். "அண்ணாச்சி, அது என் ஸ்டேசன். வலைய மறைச்சியள்னா சூடு வெளிய போவாது."

"அப்போ கூரை மேல."

"பிரேக்கு போட்டா சரிஞ்சி திரும்ப கண்ணாடிக்கேதான் வரும்" என்றாள் ரத்னா.

முன்பக்கம் முழுக்க ஆட்சேபணை. கோதண்டம் வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தான். கடைசியில் பின்னால் தொட்டிக் கதவில், நம்பர் பலகைக்கு மேலே கட்டினான். கட்டிவிட்டு முருகனிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

கேக் புறப்பட்ட அன்று நான் உடன் போகவில்லை. இனி வருவது இருவரும் சொன்னதில் ஒத்துப்போன பகுதி. ஏசி அப்படி அடித்ததாம். கூட்ரோடு வருவதற்குள் கோதண்டம் காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டான், ரத்னா முந்தானையை இழுத்துப் போர்த்தினாள். அதே நெரிசல், அதே கன்டெய்னர்கள். பின்னால் ரோஜாக்கள் போட்ட இடத்தில் போட்டபடி இருந்தன.

மாட்டிக்கொண்டது கம்பெனி வாசலில். அங்கே எஞ்சினை நிறுத்த வேண்டும் என்பது விதி. நிறுத்தினான். வாட்ச்மேன் கண்ணாடி வைத்த கோலால் வண்டிக்கு அடியில் பார்த்தார். பிறகு, மே மாத நடுப்பகலில் மப்ளரோடு உட்கார்ந்திருந்த கோதண்டத்தைப் பார்த்தார்.

"ஜுரமா?"

"இல்ல சார். குளுரு."

"மே மாசத்துல குளுருதுன்னா அதுக்கு பேரு ஜுரம்தான்பா. ஒடம்பு சரியில்லாதவங்க துன்ற ஐட்டத்த உள்ள எடுத்துகினு போவக்கூடாது. அங்க போர்டுல போட்டுகீது பாரு."

"ஏசி சார். ஏசி ஜாஸ்தி."

வாட்ச்மேன் வண்டியை முன்னும் பின்னும் பார்த்தார். அவ்வளவு பழைய வண்டியைப் பற்றி அப்படி ஒரு பொய்யை அவர் கேட்டதில்லை போலும். பின்பக்கம் போனவர், "இன்னாப்பா, மாலைய பின்னாடி கட்டிகினு கீற? புத்தி சரியா கீதா?" என்றார். அதற்கு விளக்கம் சொல்லப்போனால் ஷிப்டு முடிந்துவிடும். எஞ்சின் நின்றிருந்தது. கூரைத் தகடு சுடத் தொடங்கியது. ரத்னா கதவைத் திறக்கவில்லை, கண்ணாடியை இறக்கவில்லை. உள்ளே இருந்த குளிரைக் கையால் பிடித்து வைக்கிறவள் போல அசையாமல் உட்கார்ந்து, சுகப்பிரியாவுக்குப் போன் போட்டாள்.

சுகப்பிரியா வாசலுக்கு நடந்தே வந்தாள். வெயிலில் முகம் சிவந்து, துப்பட்டாவைத் தலையில் போட்டபடி. வந்த வேகத்தில் பின் கதவைத் திறந்தாள்.

 குளிர் முகத்தில் அடித்தது. கேக்கைப் பார்த்தாள், எல்லாப் பெயரும் வரிசையில் இருந்தன. மறுபடி முகத்தை உள்ளே நீட்டி, கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, கதவ மூடு. குளுரு போவுது" என்றாள் ரத்னா. கம்பெனிக்காரப் பெண்ணை அப்படி அதட்டியதற்காகப் பிறகு அவளே வருத்தப்பட்டாள்.

சுகப்பிரியா கதவை மூடவில்லை. உள்ளே ஏறி, பலகையின் ஓரத்தில், கேக்குக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டு, பிறகு மூடினாள். கண்ணாடி வழியே வாட்ச்மேனைப் பார்த்துக் கையசைத்தாள்.

"வண்டிய எடுங்கண்ணே. கேன்டீன் வரைக்கும் இதுலயே வாரேன். எங்க ஆபீஸ்ல ஏசி ரிப்பேர் ஆகி ஒரு வாரமாச்சு." கொஞ்ச தூரம் போனதும், "அக்கா, ஜூன்ல பொறந்தவங்க ரொம்ப பேரு. இதவிடப் பெருசா போடணும். வரும்போது ஒங்க போட்டோ ஒண்ணு கொண்டு வாங்க, பாஸ் போடணும்" என்றாள்.

கோதண்டம் இன்னும் மாலையைப் பின்னால்தான் கட்டுகிறான். முன்பு முருகன் வழிகாட்டினார், இப்போது தள்ளிக்கொண்டு வருகிறார் என்று சொல்கிறான். அலுவலக ஏசியைப் பார்க்க முடியுமா என்று சுகப்பிரியா கேட்டதற்கு, மாடிப் பையன்கள் அது தங்கள் ஸ்டேஷன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஜூன் மாதக் கேக் போன அன்று ரத்னாவின் கையில் நிரந்தரப் பாஸைக் கொடுத்தார்கள். பெயர், படம், சப்ளையர் என்ற சொல் எல்லாம் இருந்தன. மற்றவர்கள் என்றால் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். ரத்னா அதை அங்கிருந்த டியூப்லைட்டின் கீழே கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தாள். படத்தின் மேல், கன்னத்துக்குப் பக்கத்தில், மயிரிழை மாதிரி ஒரு கீறல் இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு, வேறு அட்டை போட்டுத் தரும்வரை காத்திருந்து வாங்கி வந்தாள்.